மிளகுக்கு 32 பாகை

எங்கள் வீட்டில் ஆட்களுக்கு 21 பாகை, மிளகுக்கு 32 பாகை. போன ஜனவரி வரைக்கும் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிளகு ஒரு பல்லி. சிறுத்தைப் பல்லி என்று சொல்லலாம். கடைகளில் லெப்பர்ட் கெக்கோ என்பார்கள். ஒரு சாண் நீளம், மஞ்சள் உடம்பு, அதில் மிளகு தூவிவிட்ட மாதிரிக் கறுப்புப் புள்ளிகள். மகள் வைத்த பெயர் பெப்பர். மாமி அதை மிளகு என்று கூப்பிடத் தொடங்க, இரண்டு கிழமையில் மகளும் மிளகு என்றே கூப்பிட்டாள். நானே ஸ்காபரோவில் பிறந்தவள். சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ்தான் எனக்கு. மகளை அந்த வகுப்புக்கு அனுப்ப நான் படும் பாடு உங்களுக்கும் தெரிந்திருக்கும். வகுப்பு செய்யாததைப் பல்லி செய்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோசம்.

மகள் மூன்று வருடமாக நாய் கேட்டாள். இவருக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது. பூனையும் சரிவராது. பத்தாவது பிறந்தநாளுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, என்னோடு வேலை செய்த ஒருவர் வன்கூவருக்கு மாறிப் போனார். தன் பல்லியைத் தொட்டியோடு தந்துவிட்டுப் போனார். கண்ணாடித் தொட்டி, அதன் அடியில் ஒட்டுகிற ஹீற் மாற், கண்ணாடியில் ஒட்டின ஒரு ஸ்ரிக்கர் தேர்மாமீற்றர். "பிளக்கைச் செருகினால் போதும், வேற வேலை இல்லை" என்று சொன்னார். நாங்களும் நம்பினோம்.

என் நிபந்தனை ஒன்றுதான்: அதற்குச் சாப்பாடாக வாங்கும் பூச்சிப் பெட்டி என் குசினித் தளத்தில் இருக்கக் கூடாது. அதனால் தொட்டி பேஸ்மென்றுக்குப் போனது. பேஸ்மென்றில்தான் மாமியின் அறையும் இருக்கிறது. மேலே மூன்று அறைகளும் நிறைந்துவிட, "எனக்குக் கீழ போதும், தனிக் குளியலறையும் இருக்கு" என்று மாமியே கேட்டு எடுத்த அறை. தொட்டியை அந்த அறை வாசலுக்கு எதிரே வைத்தோம்.

மாமி முதலில் முகத்தைச் சுழித்தார்.

"காசு குடுத்தோ பல்லி வாங்கினனியள்? ஊரில சுவர் முழுக்கப் பல்லி. இஞ்ச பல்லிக்கு வீடு, படுக்கப் பாய், அதுக்குக் கரண்டும்!"

"இது சும்மா வந்தது மாமி. காசு குடுக்கேல்லை."

"சும்மா வந்தாலும் பல்லி பல்லிதான்."

ஹீற் மாற்றுக்கு 'சூட்டுப் பாய்' என்ற பெயரும் அன்றைக்கே வந்தது. அந்தக் கிழமை முழுவதும் மாமி அது சொல்லும் என்று காத்திருந்தார். ஊரில் பல்லி சொன்னால் விரலால் மேசையில் தட்டி, எந்தத் திசையில் சொன்னது, என்ன பலன் என்று பார்க்கிற ஆள் அவர். மிளகு வாயே திறக்கவில்லை. "சொல்லாத பல்லியை வச்சு என்ன செய்யிறது?" என்று அலுத்துக்கொண்டார். பிறகு ஒரு நாள் கீழேயிருந்து சிரிப்புச் சத்தம். "பிள்ளை, இஞ்ச வா! இது என்னைப் பாத்துக் கண்ணடிக்குது!"

உண்மைதான். வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லிக்கு இமை இல்லை, நாக்கால்தான் கண்ணைத் துடைக்கும். சிறுத்தைப் பல்லிக்கு இமை இருக்கிறது. கண்ணை மூடித் தூங்கும், சிமிட்டவும் செய்யும். வீட்டுப் பல்லி மாதிரி விரலில் ஒட்டும் தன்மை இல்லாததால் கண்ணாடியில் ஏறவும் தெரியாது. அன்றிலிருந்து மாமி காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு இருக்கத் தொடங்கினார்.

இனிச் சூட்டு விசயத்துக்கு வருகிறேன். பிள்ளைக்கு இப்படி ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசிக்கிற பெற்றோர் இதை ஒருமுறை வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

இந்தப் பல்லியின் சொந்த இடம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பக்கம். காய்ந்த, கல்லும் மண்ணுமான நிலம். பகலில் கல் இடுக்கில் படுத்திருக்கும், பொழுது சாய வெளியே வரும். பகல் முழுக்க வெயில் குடித்த கல் இருட்டின பிறகும் சுடும். அந்தக் கல்லில் வயிற்றை வைத்துப் படுத்துத்தான் அது தன் உடம்பைச் சூடாக்குகிறது. எங்களைப் போலச் சாப்பாட்டிலிருந்து சூடு உண்டாக்க அதற்கு முடியாது. வெளிச்சூடு கிடைத்தால்தான் சாப்பிட்டது சமிக்கும். இல்லாவிட்டால் விழுங்கிய பூச்சி வயிற்றிலேயே கெட்டுப்போகும். முட்டைக்குள் இருக்கும்போதே சூட்டின் ஆட்சி தொடங்கிவிடுகிறது: 26 பாகையளவில் வைத்த முட்டைகளில் பெரும்பாலும் பெண் குட்டிகள், 32, 33 பாகையளவில் பெரும்பாலும் ஆண் குட்டிகள்.

ஆகவே தொட்டியில் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். சூட்டுப் பக்கத்தில் நிலம் 31 முதல் 34 பாகை, மற்றப் பக்கம் 22 முதல் 26 பாகை. இரண்டு பக்கத்திலும் ஒளிய ஒவ்வொரு குகை. எங்கே எவ்வளவு நேரம் படுப்பது என்று அதுவே தீர்மானிக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் ஒளிய இடம் வைத்தால், அது சூட்டையும் பாதுகாப்பையும் சேர்த்து எடுக்க முடியாமல் தவிக்கும்.

எங்கள் முதல் பிழை அந்த ஸ்ரிக்கரை நம்பியது. அது 26 பாகை காட்டிக்கொண்டே இருந்தது. கண்ணாடியின் சூட்டைத்தான் அது காட்டுகிறது, பல்லி படுக்கும் இடத்தின் சூட்டை இல்லை என்று எங்களுக்கு விளங்கவில்லை. மிளகு எப்போதும் குளிர்ப் பக்கத்திலேயே போய்க் கிடந்தது. கோடைதானே, சூடு பிடிக்கவில்லையாக்கும் என்று விட்டுவிட்டோம். ஒருநாள் இவர் தன் ஆயுதப் பெட்டியிலிருந்த இன்ஃப்ராரெட் தேர்மாமீற்றரை எடுத்துச் சூட்டுப் பாய்க்கு மேலே இருந்த தரையில் பிடித்தார். 46 பாகை! வெறும் காலோடு எங்களாலேயே நிற்க முடியாத சூடு. அந்தப் பிள்ளை வயிற்றைச் சுட்டுக்கொள்ளாமல் ஒதுங்கியிருந்திருக்கிறது. நாங்கள் அதைப் பஞ்சி பிடித்த பல்லி என்று சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

ஹீற் மாற்றுக்குத் தன் சூடு தெரியாது. பிளக்கில் இருக்கும் வரை சூடாகிக்கொண்டே போகும். அதை நிறுத்தி நிறுத்திப் போடத் தேர்மோஸ்ராற் வேண்டும். அதே கிழமை ஒன்று வாங்கினோம். அதிலிருந்து வரும் வயரின் நுனியில் ஒரு சின்னப் புரோப் இருக்கும். அதைச் சூட்டுப் பாய்க்கு நேர் மேலே, பல்லி படுக்கும் ஓட்டுக்கு அடியில், அசையாமல் ஒட்ட வேண்டும். புரோப் கழன்று குளிர்ப் பக்கம் போய்விட்டால் தேர்மோஸ்ராற் ஏமாந்துபோகும். "இன்னும் குளிர்" என்று நினைத்துச் சூட்டை ஏற்றிக்கொண்டே இருக்கும். 32இல் வைத்தோம். மிளகு சூட்டுப் பக்கம் வந்தது. வால் பருத்தது. ஒட்டகத்துக்குத் திமில் மாதிரி இதற்கு வால், கொழுப்பை அதில்தான் சேமிக்கும். மகள் குசினித் தராசில் ஒரு டப்பாவை வைத்து மாதாமாதம் நிறுத்தாள். நவம்பரில் 62 கிராம்.

ஜனவரியில் எல்லாம் தலைகீழானது.

முதலில் சாப்பாட்டைக் குறைத்தது. பிறகு ஒரு காலை, விழுங்கின புழுக்களை அப்படியே முழுசாகக் கக்கியிருந்தது. வால் சுருங்கியது. நிறுத்துப் பார்த்தால் 51 கிராம். 62 கிராமில் 11 கிராம் என்றால் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். என் எடைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், நெஞ்சு திக்கென்றது.

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். என் அம்மாவிடமிருந்து வந்த சொத்து.

"நீதானே பொறுப்பு எண்டு சொன்னனீ? ஃபோனைப் பாக்கிற நேரத்தில பாதி மிளகைப் பாத்திருந்தா இப்பிடி வந்திருக்குமே?"

"நான் ஒவ்வொரு நாளும் செக் பண்ணினனான், அம்மா. காலமையும் பின்னேரமும். 31, 32 தான் இருந்தது. ஐ ப்ராமிஸ்."

"அப்ப ஏன் இப்பிடிக் கிடக்குது? பொய் சொல்லாதை."

அவள் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து அழுதாள். மாமி தன் அறை வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஊர்வன பார்க்கிற மிருக வைத்தியர் ஒருவரிடம் கொண்டுபோனோம். வெளியே மைனஸ் 12. மிளகைத் துணி சுற்றிய டப்பாவில் வைத்து, மகள் அந்த டப்பாவைத் தன் ஜக்கெற்றுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். மலத்தைச் சோதித்ததில் புழு பூச்சி ஒன்றும் இல்லை. வைத்தியர் மகளிடம் நேராகக் கேட்டார்: சூட்டுப் பக்கத்தில் எவ்வளவு, குளிர்ப் பக்கத்தில் எவ்வளவு? மகள் டக்கென்று சொன்னாள். "இரவு இரண்டு மணிக்கு எவ்வளவு? நீ பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது எவ்வளவு?" அதற்கு மூன்று பேரிடமும் பதில் இல்லை.

"நீங்கள் பார்க்கிற நேரத்துச் சூட்டைத்தான் உங்களுக்குத் தெரியும். பார்க்காத நேரத்துச் சூட்டையும் தெரிந்துகொண்டு வாருங்கள்" என்றார். மிகக் குறைந்த சூட்டையும் மிகக் கூடிய சூட்டையும் நினைவில் வைத்திருக்கும் டிஜிற்றல் தேர்மாமீற்றர் ஒன்று வாங்கச் சொன்னார். அதுவரைக்கும் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் மட்டும். குளிர்ந்த வயிற்றுக்குச் சாப்பாடு கொடுப்பது உதவி இல்லை என்றார்.

அடுத்த நாள் பின்னேரம் மகள் அதைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். கூடியது 32.1, குறைந்தது 16.4. சூட்டுப் பக்கத்தில்!

கரண்ட் போனதா? மைக்ரோவேவ் மணிக்கூடு மினுங்கவில்லையே. தேர்மோஸ்ராற் பழுதா? மகள் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினாள். காலை ஏழு மணிக்குப் பார்ப்பாள், நினைவை அழிப்பாள், நாலு மணிக்குத் திரும்பப் பார்ப்பாள், படுக்க முதல் திரும்ப. மூன்றே நாளில் விளங்கியது: சூடு ஒரு நாளில் இரண்டு தரம் விழுகிறது. இரவில் ஒருமுறை, பகலில் ஒருமுறை. அவள் பார்க்கும் நேரங்களில் மட்டும் சரியாக இருக்கிறது.

நாலாம் நாள் பனி கொட்டிப் பள்ளி பஸ் ஓடவில்லை. இவர் மட்டும் வேலைக்குப் போக, நான் வீட்டிலிருந்து வேலை செய்தேன். மகள் மேலே தூக்கம். எட்டரை மணியளவில் உடுப்புத் தோய்க்கும் கூடையோடு பேஸ்மென்ற் படியில் இறங்கினேன். மாமிக்கு நான் வருவது கேட்கவில்லை. தொட்டிக்குப் பின்னால் குனிந்து சுவிச்சை 'டக்' என்று நிப்பாட்டினார். பிறகு தன் கட்டிலில் இருந்த கம்பளிச் சால்வையை எடுத்து வந்து, தொட்டி முழுவதையும் சுற்றிப் போர்த்து, ஓரங்களைச் செருகிவிட்டார். குழந்தைக்குப் போர்த்துவது மாதிரி.

"மாமி, என்ன செய்யிறியள்?"

திடுக்கிட்டுப் போனார். கள்ளம் பிடிபட்ட பிள்ளையின் முகம். எழுபத்தாறு வயது மனுசியின் அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"இல்லைப் பிள்ளை... நீங்கள் ஒருத்தரும் இல்லாத நேரம் உது எரிஞ்சுகொண்டு கிடக்க எனக்குப் பயமாக் கிடக்கு. நெருப்புப் பிடிச்சா நான் என்ன செய்வன்? ஒன்பது ஒன்று ஒன்றுக்கு அடிச்சு இங்கிலீசில என்னெண்டு சொல்லுறது? இரவில படுத்தாலும் அதே யோசினைதான். அதுதான் நிப்பாட்டிப்போட்டுப் போர்த்து விடுறனான். விடிய எழும்பிப் போடுறன். நீங்கள் போனாப் பிறகு நிப்பாட்டி, பிள்ளை வரமுதல் திரும்பப் போட்டு விடுறன். அதுக்குக் குளிராதுதானே, கம்பளி போர்த்துத்தானே விடுறன்?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாமி 1990களை யாழ்ப்பாணத்தில் கழித்தவர். வருடக்கணக்காகக் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு, ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில்தான் இவர் படித்ததே. ஒருநாள் இரவு குப்பி விளக்குச் சரிந்து மாமியின் தங்கச்சியின் பாவாடையில் பிடித்தது. அந்தச் சின்ன மாமியின் கையில் தழும்பை நானே பார்த்திருக்கிறேன். எப்படி வந்தது என்று கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்.

"முதலே சொல்லியிருக்கலாமே மாமி?"

"உங்கட வீடு பிள்ளை. வாங்கினதை வேண்டாம் எண்டு நான் என்னெண்டு சொல்லுறது? அண்டைக்கு நீ பிள்ளையைப் பேசேக்க எனக்கு மனம் கேக்கேல்லை. சொல்லத்தான் வந்தனான். வாய் வரேல்லை."

பதினொரு வருடமாக எங்களோடு இருக்கிறார். இன்னும் "உங்கட வீடு".

மகளை எழுப்பிக்கொண்டு வந்தேன். மூன்று பேரும் தொட்டிக்கு முன்னால் இருந்தோம். மகள்தான் அப்பம்மாவுக்கு விளங்கப்படுத்தினாள், பாதி தமிழ், பாதி இங்கிலீஸ். கம்பளி சூடு தராது, உள்ளே இருக்கிற உடம்பின் சூட்டைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். அப்பம்மா போர்த்தால் அப்பம்மாவின் சூடு உள்ளே நிற்கும். மிளகின் உடம்பில் பிடித்து வைக்கச் சூடே இல்லை.

பிறகு இன்ஃப்ராரெட் தேர்மாமீற்றரை எடுத்து, சூட்டுப் பாய் போட்டு நன்றாகச் சூடேறியபின் ஓட்டில் பிடித்தாள். 32. அப்பம்மாவின் உள்ளங்கையை விரித்து அதில் பிடித்தாள். அதுவும் 32.

"என்ர கைச் சூடுதானோ?" மாமி திரும்பத் திரும்பத் தன் கையைப் பார்த்தார். "அப்ப இது நெருப்பில்லை."

நெருப்பில்லைத்தான். எங்கள் சூட்டுப் பாய் 16 வாற்ஸ். மாதம் முழுக்க இரவு பகலாக எரிந்தாலும் 12 யூனிற்றுக்குள்தான். ஆனாலும் மாமியின் பயம் மடமை என்று நான் சொல்ல மாட்டேன். தேர்மோஸ்ராற் இல்லாமல் 46 பாகைக்கு விட்டு வைத்திருந்தவர்கள் நாங்கள். அன்றைக்கு வீட்டிலுள்ள புகை அலாரங்களைப் பார்த்தேன். ஒன்ராறியோவில் ஒவ்வொரு தளத்திலும் ஒன்று இருக்க வேண்டும் என்பது சட்டம். குசினிக்குப் பக்கத்தில் இருந்ததில் பற்றரி இல்லை. செத்தல் மிளகாய் வறுத்த ஒருநாள் கத்துதென்று நானே கழற்றியது, திரும்பப் போடவே இல்லை. எங்கள் வீட்டில் நெருப்பைப் பற்றி ஒழுங்காக யோசித்த ஒரே ஆள் மாமிதான்.

எல்லாம் சரிவந்தது என்று நான் எழும்பும்போதுதான் மகள் கொப்பியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, ஹீற் ஓஃப் பண்ணினா 16.4 எண்டா, அது இந்த பேஸ்மென்ற்ற ரெம்பரேச்சர்தானே?"

"ஓம்."

"அப்ப அப்பம்மா 16.4லயா படுக்கிறா?"

நான் மாமியைப் பார்த்தேன். இரண்டு சோடி காலுறை, சுவெற்றர், அதற்கு மேலே இன்னொரு சுவெற்றர், தலையில் கம்பளித் தொப்பி. மூன்று மாதமாக ஒவ்வொரு நாளும் அதே கோலத்தில்தான் பார்க்கிறேன். வயதான ஆட்கள் அப்படித்தான், ஊர்க்காரருக்குக் குளிர் கூட என்று என் மனம் தானாகவே ஒரு பதில் வைத்திருந்தது. போர்த்திருந்த ஒரே சால்வையையும் பகலில் பல்லிக்குப் போர்த்தியிருக்கிறார்.

எங்கள் வீட்டுத் தேர்மோஸ்ராற் மேலே வரவேற்பறைச் சுவரில் இருக்கிறது. அங்கே 21 காட்டும். கீழே எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. கண்ணாடியில் ஒட்டின ஸ்ரிக்கர் மாதிரிதான். போய் அதன் அட்டவணையைத் திறந்து பார்த்தேன். இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரைக்கும் 18. காலை எட்டரையிலிருந்து மூன்றரை வரைக்கும் 18. அந்தப் பகல் நேரத்துக்கு அது வைத்திருந்த தலைப்பு 'வீட்டில் ஆள் இல்லை'. கேள்வி கேட்டுக் கேட்டு அதை நிரப்பியது நான்தான். வார நாட்களில் பகலில் வீட்டில் ஆட்கள் இருப்பார்களா என்று கேட்டிருந்தது. இல்லை என்று அமத்தியிருக்கிறேன்.

மேலே 18 என்றால் கீழே இன்னும் குறையத்தானே செய்யும்.

ரொறன்ரோவில் வீட்டுக்காரர் தன் வாடகைக்காரருக்குக் குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை கொடுக்க வேண்டும் என்பது மாநகரச் சட்டம். குளிர் நாடுகளில் வீட்டுக்குள் 18 பாகையாவது வேண்டும், வயதானவர்களுக்கு அதைவிடக் கூடத் தேவைப்படலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பல்லிக்கு 32 சரியா என்று தேர்மாமீற்றர் மூன்று வைத்திருந்தோம். மாமியின் அறையில் ஒன்றுகூட இல்லை.

பின்னேரம் இவர் வந்ததும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் டோர்ச்சை எடுத்துக்கொண்டு கீழே போனார். மாமியின் அறையில் சூட்டுக்காற்று வரும் துவாரம் ஒன்று கட்டிலுக்கு அடியில், பழைய சூட்கேஸ்கள் அடுக்கி மூடியிருந்தது. மற்றதன் கதவு பாதி சாத்தியிருந்தது. வடிகட்டி சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி அடைத்துக் கிடந்தது. மூன்றையும் சரிசெய்தார். அடுத்த கிழமை தேர்மோஸ்ராற்றுக்குத் துணையாக வைக்கும் சின்ன அறை உணரி ஒன்றை வாங்கி மாமியின் அறையில் வைத்தார். இப்போது மாமியின் அறைச் சூட்டைப் பார்த்துத்தான் வீடு சூடாகிறது. 'ஆள் இல்லை' என்ற நேரத்தை நான் அழித்துவிட்டேன்.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். என் அம்மா அப்பா என்னிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. பிழை தங்களில் என்று தெரிந்தால் ஒரு கோப்பை பழம் வெட்டி மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். நானும் முதலில் மாம்பழம்தான் வெட்டினேன். பிறகு அது போதாது என்று பட்டது. "நீ சொன்னது உண்மை. நான் நம்பேல்லை. அது என்ர பிழை" என்று சொன்னேன். "இட்ஸ் ஓகே அம்மா" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நாள் கழித்துத்தான் என்னோடு பழையபடி கதைத்தாள். அதுவும் நியாயம்தான்.

மிளகுக்கு நாலு நாள் ஒழுங்கான சூடு கொடுத்த பிறகு ஒரே ஒரு சின்னப் புழுவை வைத்தோம். அது தலையைச் சாய்த்துப் பார்த்தது, வால் நுனியை ஆட்டியது, லபக்கென்று பிடித்தது. மாமி கை தட்டினார். மார்ச் முடிவில் 60 கிராம்.

இப்போது எங்கள் வழக்கம் இதுதான். தொட்டியின் அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் சூட்டுப் பாய். தொட்டிக்குக் கீழே காற்றுப் போக நாலு மூலையிலும் சின்னக் கால்கள். புரோப் ஓட்டுக்கு அடியில் இறுக்கி ஒட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்ஃப்ராரெட் தேர்மாமீற்றரால் படுக்கும் இடத்தையே அளக்கிறோம், தேர்மோஸ்ராற் சொல்வதை மட்டும் நம்புவதில்லை. தோல் உரிக்கும் காலத்துக்கு ஈரப் பாசி வைத்த மூன்றாவது குகை ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, அது எங்கே படுக்கிறது என்று பார்க்கிறோம். இதை எனக்குச் சொல்லித் தந்தது மாமி.

பெப்ரவரியில் ஒரு பின்னேரம் உறைமழை பெய்து ஐந்து மணி நேரம் கரண்ட் போனது. மகள் பதறிப்போனாள். மாமி மட்டும் நிதானமாக எழும்பினார். கரண்ட் இல்லாத வீட்டை நடத்தத் தெரிந்த ஒரே ஆள் அவர்தானே. காஸ் அடுப்பை நெருப்புக்குச்சியால் பற்ற வைத்துத் தண்ணீர் சூடாக்கினார். கை பொறுக்கும் சூட்டில் இரண்டு போத்தல்களில் விட்டு, பழைய சாரத் துணியைச் சுற்றி, குகைக்குப் பக்கத்தில் ஒரு பக்கமாக மட்டும் வைத்தார். ஊரில் தாய் செத்த கோழிக்குஞ்சுகளை அவர் வளர்த்த விதம் அது.

"சூடு கூடினா குஞ்சுகள் விலகி ஓடும். குறைஞ்சா ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொண்டு நிக்கும். நாங்கள் ஒண்டும் அளக்கத் தேவையில்லை பிள்ளை, அதுகள் எங்க நிக்குதெண்டு பாத்தாப் போதும்."

மிளகு மெல்ல வந்து போத்தலோடு ஒட்டிப் படுத்தது. மாமி தன் சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"இப்ப போர்க்கலாம்தானே? உள்ளுக்குச் சூடு கிடக்கு."

"ஓம் அப்பம்மா. இப்ப போர்க்கலாம்."

மகளின் கொப்பி இன்னும் ஓடுகிறது. முதலில் இரண்டு நிரல்கள் இருந்தன, சூட்டுப் பக்கம், குளிர்ப் பக்கம். இப்போது மூன்றாவதாக ஒன்று: அப்பம்மா ரூம். தமிழில்தான் எழுதியிருக்கிறாள், 'ம்' ஒன்றில் புள்ளி விட்டுப்போய்.

போன கிழமை நான் சமைத்துக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து மாமியின் குரல் வந்தது. "பிள்ளை! இஞ்ச 24 காட்டுது, எனக்கு வேர்க்குது. கொஞ்சம் குறைச்சு விடு!"

பதினொரு வருடத்தில் மாமி என்னிடம் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. கரண்டியைப் போட்டுவிட்டுக் குறைக்க ஓடினேன்.